வினாகிரி என்று ஒதுக்கிய பெட்டி

அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவியின் அண்ணன், அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த பக்கத்து வீட்டுக் கிளாக்கர், புசல்லாவையில் ஒரு துரைக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வேலை இழந்து நின்ற கோக்கி. என் மனைவியும் இருந்தாள். ஆனால் உட்காரவில்லை. நான்கு ஆண்பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவளுக்கு உட்கார நேரம் ஏது.

பாய்க்கு நடுவில் மூன்று மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு போத்தல் வைன்.

கோப்பி இலையில் மஞ்சள் துரு விழுந்து மலைக்கு மலை தோட்டங்கள் மொட்டையாகிக் கொண்டிருந்த காலம் அது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன கதிரை, மேசை, விளக்கு, ஓடாத மணிக்கூடு எல்லாம் ஏலத்துக்கு வரும். அவற்றை எடுத்துக் கண்டி நகரத்தில் ஒரு சின்னக் கடையில் வைத்து விற்பதுதான் என் பிழைப்பு. ஒரு துரை கெட்டால் எனக்கு ஓர் அலுமாரி கிடைக்கும். இப்படிச் சம்பாதிப்பது பாவமோ என்று கவலைப்படுவேன். ஏலமே இல்லாத மாதத்தில், ஐயோ ஒருவரும் கெடவில்லையே என்று கவலைப்படுவேன். கவலைப்படுவதுதான் என் தொழில், கடை சும்மா பொழுதுபோக்கு என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடுகண்ணாவைக் கணவாயில் வண்டி ஓட்டியவர் அவர். ரயில் வந்து சுமையெல்லாம் பறிபோன பிறகும் கவலைப்படாத மனிதர். அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி நடத்திய ஒருவர் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். இப்போதெல்லாம் துரைமார் கையில் காசு இல்லை, ஆனால் நாக்கு மட்டும் பழைய நாக்காகவே இருக்கிறது, கொழும்பிலிருந்து வரவழைத்து அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஏலத்தில் கிளாரட் என்கிற வைன் அகப்பட்டால் கொண்டு வா, போத்தலுக்கு ஒன்றரை ரூபாய் தருகிறேன். போர்ட் என்கிற வைன் என்னிடமே தூசி பிடித்துக் கிடக்கிறது, அதற்கு அரை ரூபாய்க்கு மேல் கேட்காதே. இதுதான் பேச்சு.

புசல்லாவை ஏலத்தில் அது அகப்பட்டது. ஏலக்காரர் வாசித்தார்: கிளாரட் ஒரு பெட்டி, போர்ட் ஒரு பெட்டி, வெள்ளை வைன் ஒரு பெட்டி. மூன்றும் சேர்த்து இருபது ரூபாய்க்கு எனக்கு விழுந்தது. அந்த இருபது ரூபாய் என் காசு இல்லை. என் மனைவியின் தங்கக் காப்பு இரண்டையும் செட்டியார் கடையில் வைத்து வாங்கியது.

காப்பைக் கழற்றித் தரும்போது அவள் அழவும் இல்லை, முகத்தைத் தூக்கவும் இல்லை. அவளுடைய தங்கைக்குக் கடுகண்ணாவையில் கல்யாணம், வருகிற வியாழக்கிழமை.

"வியாழக்கிழமை காலையில இது என் கையில இருக்கணும்" என்றாள்.

இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நிப்பேன். காப்பு எங்கன்னு கேக்கிறவங்களுக்கு நீங்க ஒவ்வொருத்தரா பதில் சொல்லிக்கிட்டு நில்லுங்க."

அன்றைக்கே எனக்குத் தூக்கம் போயிற்று.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தபோது மிச்சத் தூக்கமும் போயிற்று. துரையின் சாமான் அறையில் பெட்டிகளுக்குக் கறையான் ஏறியிருக்கிறது. போத்தலை அதனால் தின்ன முடியவில்லை, ஒட்டியிருந்த கடதாசியை ஒன்று விடாமல் தின்றிருந்தது. போத்தல் எல்லாம் ஒரே கறுப்பு. எது கிளாரட், எது போர்ட், எது வெள்ளை, ஒன்றும் தெரியாது. கடதாசி இருந்திருந்தாலும் நான் வாசித்துக் கிழித்திருக்கப் போவதில்லை, மூன்றாம் புத்தகத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் கிளாக்கர் வாசித்திருப்பார்.

விடுதிக்காரர் திங்கட்கிழமை காலையில் வருவதாக இருந்தது. ஒரு தரம் சாமான் மாறிப் போனால் மறு தரம் அந்த வாசலை மிதிக்காத ஆள் அவர். பழைய வெண்ணெய் கொடுத்த ஒருவரை எட்டு வருஷமாகத் தெருவில் கண்டாலும் பார்க்காமல் போகிறவர். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் குடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கோக்கியை அழைத்ததற்குக் காரணம், அதே துரையின் மேசையில் மூன்று வருஷம் வைன் ஊற்றியவர். கிளாக்கர் யாழ்ப்பாணத்து வேதக்காரர், கிறிஸ்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு கோயிலில் திருவிருந்து வைன் ஒரு வாய் குடிப்பவர். எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய அனுபவம் யாருக்கும் இல்லை. மச்சானை யாரும் கூப்பிடவில்லை. மாட்டுக்கு லாடம் அடிக்க வந்தவர், தக்கை கழலும் சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார்.

தக்கையைக் கழற்றிய சுருள் கம்பி கோக்கியினுடையது. மூன்று மாதச் சம்பள பாக்கிக்குப் பதிலாகத் துரை விட்டுப்போனது அது ஒன்றுதான். இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருந்தார். துரை கப்பலில் போத்தலைப் பல்லால்தான் திறந்திருப்பார் என்று மச்சான் சொல்லவும், கோக்கி கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

நான் முன்கதவுப் பலகைகளைச் சாத்தினேன். வைன் விற்க அனுமதிச் சீட்டு வேண்டுமாமே, குடித்துப் பார்க்கவும் வேண்டுமோ என்று கிளாக்கரைக் கேட்டேன். சீட்டு விடுதிக்காரரிடம் இருக்குது, அவருக்கு வாங்கிக் குடுக்கிற ஆள் தானே நீர், பயப்படாதையும் என்றார். திரும்பப் போய்ப் பலகைகள் சரியாகச் சாத்தியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

என் மனைவி இரண்டு கட்டளை போட்டாள். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு யாரும் இந்த வீட்டில் விழுந்து கிடக்கக் கூடாது, ஒரு வாய் பார்த்ததும் சாப்பாடு வரும். இரண்டாவது, புளிப்பு எதையும் பித்தளையில் ஊற்றக் கூடாது. எங்களிடம் கண்ணாடிக் கோப்பை ஒன்றே ஒன்று, அதுவும் விளிம்பு உடைந்தது. அது கிளாக்கருக்குப் போயிற்று. மற்றவர்களுக்குத் தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டைகள்.

முதல் பெட்டியிலிருந்து ஊற்றினோம். நல்ல சிவப்பு. வாயில் வைத்ததும் மச்சானின் முகம் சுருங்கிற்று. நாக்கு வறண்டது, பல் கூசிற்று. பச்சை நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தேயிலைச் சாயத்தைக் குடித்த மாதிரி என்று இப்போது சொல்வேன். அப்போது எங்களுக்குத் தேயிலை பழக்கமில்லை.

"மாப்புள, இது கள்ளா இருந்தா நேத்தே கொட்டியிருக்கணும்" என்றார் மச்சான்.

கித்துள் மரத்துக் கள் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் சட்டம். காலையில் இறக்கினால் இனிப்பு, பொழுது சாய்ந்தால் புளிப்பு, புளித்தது பழசு, பழசு கெட்டது. கிளாக்கரும் தலையாட்டினார்.

இரண்டாவது பெட்டி. இதுவும் சிவப்பு, கொஞ்சம் தடிப்பு. ஒரு வாயிலேயே எல்லார் முகமும் விரிந்தது. வெல்லப் பாணி மாதிரி இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு. கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் கிளாரட். எங்கட கோயில்ல குடுக்கிறதும் இப்பிடித்தான். ஆண்டவற்ர மேசையில கெட்டதைக் குடுப்பினமோ?"

கோக்கியும் ஒத்துக்கொண்டார். துரை கிளாரட்டைக் குடித்துவிட்டு ஒவ்வொரு நாளும் நல்லது நல்லது என்பாராம். திறந்த இரண்டு பெட்டியில் நல்லது என்று சொல்லக்கூடியதாக இருப்பது இது ஒன்றுதானே. நான் சுண்ணாம்பை எடுத்து இனிப்புப் பெட்டியில் வட்டம் போட்டேன். புளிப்புப் பெட்டியில் சிலுவைக் கோடு போட்டு, இது போர்ட், கெட்டுப் புளித்த காடியாகி வெறும் வினாகிரியாகிவிட்டது என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அடுப்படியில் நின்ற மனைவிக்கும் கேட்டது.

மூன்றாவதில் வைக்கோல் நிறத்தில் ஒன்று வந்தது. நனைந்த சாக்கின் வாசனை. பெண்பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுப்பது இது என்று கிளாக்கர் தீர்ப்புச் சொல்லி, தைரியமாக இரண்டு வாய் குடித்தார்.

பிறகு சோறு வந்தது. முதலில் பருப்பும் கருவாட்டுக் குழம்பும். இங்கே கோக்கிக்கு ஒரு சங்கடம். துரை மேசையில் மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு, அது மாறக் கூடாதாம். கருவாட்டை எதில் சேர்ப்பது? அது மீன்தானே என்றேன் நான். காய்ந்த பிறகும் மீன் என்று சொல்லலாமோ, கச்சேரியில் கேட்டால்தான் தெரியும் என்றார் கிளாக்கர். எனக்கு அது கவலையில்லை. கருவாடும் வைனும் ஒன்றாக வயிற்றில் போனால் நஞ்சாகுமா என்பதுதான் என் கவலை. இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கப்போனபோது, உயிலை எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னார் மச்சான்.

வட்டம் போட்ட பெட்டியிலிருந்துதான் ஊற்றினோம், நல்லது அதுதானே. மச்சான் ஒரு கவளம் கருவாட்டோடு அதைக் குடித்துவிட்டு, கருவாட்டுக்குப் பாணி ஊற்றிய மாதிரி இருக்கிறது என்று மெதுவாகச் சிரட்டையைத் தள்ளி வைத்தார். நாங்களும் ஏதோ மரியாதைக்கு ஒரு வாய் குடித்து வைத்தோம். அப்புறம் மிளகு அரைத்துப் போட்ட ஆட்டிறைச்சிக் கறி வந்தது. பேச்சு கல்யாணத்துக்குத் திரும்பிற்று. பந்தலுக்கு எத்தனை வாழைமரம், மாப்பிள்ளையின் மாமாவுக்கு எந்தக் கறி ஆகாது, எந்த அத்தையை எந்த அத்தைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. கறி நல்ல உறைப்பு, நல்ல கொழுப்பு. கை தன்பாட்டில் போய் வந்தது. செட்டியார் கடையை நினைத்துக்கொண்டே இரண்டாம் தரம் சோறு வாங்கினேன்.

சாப்பிட்டு முடிந்தது. என் மனைவி சிரட்டைகளைப் பொறுக்க வந்தாள். போத்தல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தப் பெட்டி வினாகிரின்னுதானே சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"அப்ப மூணு போத்தல் வினாகிரிய யாரு குடிச்சது?"

வட்டம் போட்ட பெட்டியில் திறந்த போத்தல் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை அப்படியே நின்றது. சிலுவைக் கோடு போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று வெறும் போத்தல். கோக்கியின் சுருள் கம்பியில் மூன்றாவது தக்கை இன்னும் குத்தியபடியே இருந்தது. கறி உறைத்ததால் தொட்டுக்கொண்டேன் என்றார் மச்சான். வாய் கொப்பளிக்க எடுத்தேன் என்றார் கிளாக்கர், ஆனால் எங்கே கொப்பளித்தார் என்று காட்ட முடியவில்லை. என் சிரட்டையின் அடியிலும் சிவப்பு. அதை மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன்.

"நல்லதுன்னு சொன்னத வச்சிட்டீங்க, கெட்டதுன்னு சொன்னத முடிச்சிட்டீங்க" என்றாள். "அந்தத் தொரையும் கறிச் சோறு தின்ன ஆம்பளதானே. அவரு எத முடிச்சிருப்பாரு?"

கோக்கி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்குத் துரையின் மேசை சாப்பாட்டோடு கண்ணில் வந்தது.

"இனிப்பு கடைசியிலதான் மொதலாளி. தட்டெல்லாம் எடுத்து, மேசையத் தொடச்ச பொறகு, சின்னக் கிளாசுல. கறியோட ஊத்துறது பெரிய கிளாசுல, இந்தக் கலருதான். மேசைச் சீலையில சிந்துனா நாந்தானே உப்புப் போட்டுத் தேய்ப்பேன்."

இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று மச்சான் கேட்டார். எது நல்லது என்று கேட்டீர்கள், எது சோற்றோடு என்று யாரும் கேட்கவில்லையே என்றார் கோக்கி. தவிர, அவர் மூன்று வருஷமும் ருசி பார்த்தது சின்னக் கிளாசின் அடியில் மிஞ்சியதை மட்டும்தானாம். பெரிய கிளாசில் துரை ஒரு சொட்டும் மிச்சம் வைத்ததில்லை. அதிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

நான் சுண்ணாம்பை எடுத்து வட்டத்தை அழித்து, கோட்டை அழித்து, மாற்றிப் போட்டேன். பெட்டியில் எண்ணினேன். எட்டுப் போத்தல். மூன்று குடித்தோம், ஒன்பது இருக்க வேண்டும். திரும்ப எண்ணினேன். பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "வினாகிரின்னு நீங்கதானே சத்தமா சொன்னீங்க. கல்யாணத்துக்கு அதுல வெங்காய அச்சாறு ஊறப் போட்டுட்டேன்."

சுவரில் சுண்ணாம்பால் கணக்குப் போட்டேன். எட்டுக் கிளாரட் பன்னிரண்டு ரூபாய். பதினொரு போர்ட் ஐந்தரை. ஆக மொத்தம் பதினேழரை. செட்டியாருக்கு முதலும் வட்டியுமாக இருபத்தொன்று. மூன்றரை ரூபாய் துண்டு விழுந்தது. கிளாரட்டில் நாங்கள் ஏப்பம் விட்டதும் அச்சாற்றுச் சாடிக்குள் போனதும் ஆறு ரூபாய். ஒருவரும் தொடாமல் இருந்திருந்தால் காப்பும் வந்து, கல்யாணத்துக்கு ஒரு சேலையும் வந்திருக்கும். என் கண்ணுக்கு முன்னால் ஒரு கை முந்தானைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

"தங்கச்சி கையில காப்பு இல்லாம வந்தா என்னையும்தானே மாப்புள கேப்பாங்க" என்றார் மச்சான். சிரிப்பில்லாமல் அவர் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். என் பங்கு ஒன்றரை ரூபாயை நான் தருகிறேன் என்றார். கிளாக்கர் தன் வீட்டுக்குப் போய் இரண்டு ரூபாய் கொண்டுவந்து, இதைக் கோயிலில் யாருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்று என் கையில் வைத்தார். சம்பளம் வராத கோக்கியிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் விடியற்காலையில் வந்து போத்தல் திறந்து தருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை விடுதிக்காரர் வந்தபோது, வெறுமனே ஊற்றிக் கொடுக்க வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். தேங்காய் ரொட்டி சுட்டு, முந்தின நாள் இறைச்சிக் கறியைச் சுண்ட வைத்து, அச்சாறு கொஞ்சம் ஓரத்தில் வைத்து, அதோடு அந்த உடைந்த கோப்பையில் கிளாரட். காலை எட்டு மணிக்கு இது முறையா என்று அவர் கேட்டார். பிறகு ரொட்டியைக் கறியில் தோய்த்து ஒரு வாய், அதன்மேல் வைன் ஒரு வாய். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் கோக்கி ஊற்றுவதற்குள் அவரே ஊற்றிக்கொண்டார். அவருக்கென்று திறந்த கிளாரட் போத்தலுக்கும் சேர்த்தே காசு கொடுத்தார். வைக்கோல் நிறப் பெட்டியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, இது வினாகிரி என்றார். கிளாக்கர் அப்போது கச்சேரிக்குப் போயிருந்தார், நல்ல வேளை. அச்சாற்றுக்கு எந்தக் கடை வினாகிரி என்று விடுதிக்காரர் கேட்டதற்கு, துரைமார் மேசையில் பாவிப்பது என்றாள் என் மனைவி.

புதன்கிழமை சாயங்காலம் வரை மச்சானின் ஒன்றரை ரூபாய் வரவில்லை. மாடு ஒன்றுக்குக் காலில் புண்ணாம், வண்டி கலகெதரப் பக்கம் நிற்கிறதாம், ஆள் வழியே சொல்லி அனுப்பினார். பத்தொன்பதரை ரூபாயையும், கடையில் இருந்ததிலேயே அழகான ஓடாத மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு செட்டியாரிடம் போனேன். மணிக்கூடு ஓடாது என்று நானே சொன்னேன், பிறகு பழி வருமே என்று. பரவாயில்லை, வட்டிக் கடையில் நேரம் தெரியாமல் இருப்பதே நல்லது என்று ஒன்றரை ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் கடுகண்ணாவையில் என் மனைவி இரண்டு கையிலும் காப்போடு நின்றாள். வழக்கமாக அகப்பையை ஒரு கையால் பிடிப்பவள் அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துப் பரிமாறினாள். பந்தியில் முதலில் தீர்ந்தது அச்சாறு. மச்சான் இலைக்கு இலை போய் வைன் கதையைச் சொன்னார். வினாகிரி என்று சொன்னது நான் ஒருவன் மட்டும் என்பதாகக் கதை அதற்குள் மாறியிருந்தது.

அதற்குப் பிறகும் பல ஏலங்களில் பேர் தெரியாத மலிவு வைன் வந்தது. நாங்கள் நாலு பேரும் ஒரு வாய் குடித்துத் தீர்ப்புச் சொல்கிற வேலையை விட்டுவிட்டோம். போத்தலைத் திறந்து சோற்றுக்குப் பக்கத்தில் வைப்போம், எது தன்பாட்டில் குறைகிறது என்று என் மனைவி பார்ப்பாள். பொரித்த மீனுக்குப் புளிப்பான வெள்ளை. பலாக்காய்க் கறிக்குச் சிவப்பு, தண்ணீர் கலக்காமல். பருப்புச் சோற்றுக்கு எதுவும் சேராது, செம்புத் தண்ணீரே போதும். இனிப்பு வைனைத் தொதல் பலகாரத் தட்டோடு கடைசியில்தான் எடுக்க வேண்டும், அப்போது அது எவ்வளவு நல்லது என்று கிளாக்கர் ஒவ்வொரு தரமும் சொல்வார், அவர் மனம் நோகக் கூடாதென்று நாங்களும் ஒத்துக்கொள்வோம். அந்த வைக்கோல் நிறப் பெட்டி எங்கள் வீட்டு அச்சாற்றுக்கு இரண்டு வருஷம் வந்தது.

கோப்பி போய்விட்டது. அதே மலைகளில் தேயிலை நிற்கிறது. கோக்கி அந்த விடுதியிலேயே சமையலுக்குச் சேர்ந்து, சுருள் கம்பியை இடுப்பில் சொருகியபடியே கிழவராகிவிட்டார். மச்சான் இப்போதும் தீபாவளிக்கு வருகிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் மெதுவாக அந்தப் பாக்கிப் பேச்சை எடுப்பேன்.

"வினாகிரிக்கு யாரு மாப்புள காசு வாங்குவா?" என்பார்.

நான் என் மனைவியைப் பார்ப்பேன். அவள் காப்பைத் தள்ளி விட்டுக்கொண்டு, எங்க அண்ணன் சொல்றது நியாயந்தானே, நீங்கதானே வினாகிரின்னீங்க என்பாள்.

வர வேண்டியது, ஒரு ரூபாய் ஐம்பது சதம்.